குறைந்த வேகத்தில் நியூட்டன்

சார்பியலுக்கு மாற்று கண்டுபிடித்துவிட்டதாகக் கல்லூரிக்கு எழுதுகிறவர்களுக்குப் பதில் போடுவது பேராசிரியை மரகதவல்லியின் பொறுப்பு. அவள் எதையும் முழுதாகப் படிப்பதில்லை. வேகம் மிகக் குறையும்போது சமன்பாடு நியூட்டனின் விதியாக மாறுகிறதா என்று மட்டும் போட்டுப் பார்ப்பாள். மாறாவிட்டால் இரண்டே வரியில் பதில். லாரிப் பட்டறை செங்கோடன், ஸ்கேல் வைத்துக் கோடிழுத்து எழுதிய நாற்பது பக்கங்களும் மூன்று வருடத்துக்கு முன் அப்படித்தான் திரும்பிப் போயின.

இன்று மேசையை ஒழிக்கும்போது, அன்று அவள் போட்ட கணக்குத் தாள் கிடைத்தது. மூன்றாவது வரியில் ஒரு கழித்தல் குறியை அவளே விட்டிருந்தாள். அதைச் சேர்த்துப் போட்டதும் நியூட்டன் அலுங்காமல் வந்து நின்றார். அதனாலேயே கோட்பாடு சரியென்று ஆகிவிடாது. ஆனால் நாற்பது பக்கத்தையும் படித்திருக்க வேண்டும். செங்கோடனுக்குப் போன் செய்தாள்.

“மேடமுங்களா! உங்க லெட்டர் வந்த அன்னைக்கே எல்லாத்தையும் வெந்நி அடுப்புல போட்டுட்டனுங்க. இப்பத்தான் மனுசனாட்டம் தூங்கறேன்.”

பின்னாலிருந்து ஒரு பெண்குரல்: “அந்த டீச்சரம்மாவா? என்ற புருசன மீட்டுக் குடுத்த மகராசின்னு நாஞ் சொன்னேன்னு சொல்லுங்க. மறுக்கா எதையாச்சும் கெளப்பிவுட்றப் போறாங்க!”

செங்கோடன் சிரித்தார். “சொல்லுங்க மேடம், எதுக்குக் கூப்புட்டீங்க?”

மரகதவல்லி புதிதாகப் போட்ட கழித்தல் குறியைக் கட்டைவிரலால் மூடினாள். விரலடியில் மை இன்னும் ஈரமாக இருந்தது.

“லைன்ல இருக்கீங்களா மேடம்?”

“இருக்கேன்” என்றாள்.