ஸ்கூட்டரில் போன பகவதி

“ஸ்கூட்டர்லதான் போனா டீச்சரே. எங்கண்ணால பாத்தேன்லா. ஓட்டுனவனுக்கு எப்பிடியும் நாப்பது வயசு இருக்கும். இவ சிரிச்சிட்டேதான் பின்னால ஏறுனா.”

தம்பானூர் டீக்கடை ஜெபசிங் சொல்லச் சொல்ல, சூடாமணி தெருவின் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள். காலையில் விடுதியைவிட்டுப் போன பகவதி, மாலை நாலாகியும் திரும்பவில்லை. மற்ற நான்கு பெண்களும் அறையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள்.

மலையிலிருக்கும் காணிப் பழங்குடிப் பெண்களுக்கு வயரிங் வேலை கற்றுக்கொடுக்கும் திட்டத்துக்குச் சூடாமணி ஒருங்கிணைப்பாளர். பெயர்தான் பெரிது. பெண்களைச் சேர்ப்பது, சோறு போடுவது, பாடம் நடத்த ஆள் பிடிப்பது, கடைசியில் வேலை தேடித் தருவது எல்லாம் அவள் ஒருத்தியேதான்.

மலையடிவார வித்துராவுக்கு மேலே நடையாய் நடந்து, ஊர்த்தலைவரான மூட்டுக்காணியின் மனசைக் கரைத்து, ஐந்து பெண்களைக் கூட்டி வந்திருந்தாள். “அஞ்சும் அஞ்சாத் திரும்பி வரணும். ஒண்ணு குறைஞ்சா, இனி எங்க பிள்ளைக யாரும் மலை இறங்காது” என்று அவர் அன்றைக்கே சொல்லிவிட்டார்.

அந்த மூட்டுக்காணி இன்று வருகிறார். ஊர்ப் பூசைக்குப் பெண்களைக் கூட்டிப் போக, ஆறு மணி பஸ்ஸில் வந்து இறங்குவார். அவர் முகத்தில் எப்படி விழிப்பது?

எல்லாம் தன்னால்தான் என்று சூடாமணிக்குத் தோன்றியது. நேற்று அவர்களுக்கு வேலை கேட்டு, சாலைக் கடைத்தெருவில் எலக்ட்ரிக் கடை ஒவ்வொன்றாக அலைந்தாள். “பொண்ணா? அதுவும் காட்டுலேர்ந்தா? ஏணியில ஏறுமா?” என்று ஒவ்வொரு கடையிலும் சிரித்தார்கள். திரும்பி வந்தவள் பெண்கள் முன்னாலேயே உடைந்து அழுதாள். “இனிமே ஒரு கடை வாசல்லயும் போய் நிக்க என்னால முடியாது. உங்களுக்கு வேலை கிடைக்கும்னு எனக்குத் தோணலை” என்று வாய்விட்டும் சொல்லித் தொலைத்தாள். நாலு பேர் கூடவே அழுதார்கள். பகவதி மட்டும் அழாமல், எந்தெந்தக் கடை என்று கேட்டுக்கொண்டாள்.

அவள் எப்போதுமே ஒரு தினுசு. வகுப்பில் ஏணி மேல் நிற்கும்போது என்ன கேட்டாலும் பதில் வராது. தேனெடுக்கிற வீட்டுப் பெண். மரத்தில் ஏறினால் கால் தரையில் படும்வரை வாய் திறக்கக் கூடாது என்பது அவள் அப்பா போட்ட கட்டுப்பாடு. “இது ஏணிடீ, மரமில்லே. வாயைத் திறந்து பேசேன்!” என்று சூடாமணியும் திட்டிப் பார்த்து ஓய்ந்துவிட்டாள். இப்படிப்பட்ட அசட்டைத்தான் எவனோ ஏமாற்றிக் கூட்டிப் போயிருக்கிறான்.

போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினாள். அங்கே கரண்ட் இல்லை. பழைய ஓட்டுக் கட்டடம். ஓட்டுக்குக் கீழே அடித்திருந்த மரத் தட்டுக்கு மேலே வயர் எரிந்துபோயிருந்தது. யாரோ மேலே ஆணியடித்துக்கொண்டிருந்தார்கள். ஏட்டு ஷிபு எல்லைப் பக்கத்துப் பாறசாலைக்காரர்; தமிழில் மலையாளம் கலந்தே பேசுவார். வியர்வையைத் துடைத்துக்கொண்டே ஜன்னல் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு எழுத உட்கார்ந்தார்.

“காணாமப் போன ஆளுக்க பேரு?”

“பகவதி. பத்தொன்பது வயசு.”

“வல்ல காதலும் உண்டோ?”

“ஐயோ, அதெல்லாம் கிடையாது சார்! ஒண்ணும் அறியாத பொண்ணு. ரோட்டைத் தாண்டணும்னாக்கூட என் கையைப் பிடிச்சுப்பா. இந்த ஊர்ல தனியா ஒரு நாள் பிழைக்கத் தெரியாது அவளுக்கு.”

மேலே ஆணியடிக்கும் சத்தம் சட்டென்று நின்றது. ஏட்டு அண்ணாந்து பார்த்து, “என்னடே, முடிஞ்சுதா?” என்று கத்தினார். பதில் இல்லை. சத்தம் மறுபடி கேட்டது, முன்னைவிட வேகமாக.

“நான் டியூட்டிக்கு வரும்பமே ஆளு மேலதான். எலக்ட்ரிக் கடைக்காரன் புதுசாட்டு ஒண்ணைப் பிடிச்சு அனுப்பியிருக்கான். காது கேக்காது போல” என்று சலித்துக்கொண்டார் ஏட்டு. “சரி, ‘ஒண்ணும் அறியாத பெண்ணு’ன்னு எழுதியாச்சு. நாளைக்கு வாங்க, அன்வேஷிக்காம், தேடிப் பாப்பம்.”

“நாளைக்கா? சார், ஆறு மணிக்கு அவா ஊர்த் தலைவர் வந்துடுவார். இவ இல்லேன்னா மத்த நாலு பேரையும் கூட்டிண்டு போயிடுவார். இனிமே ஒரு குழந்தையும் அங்கேர்ந்து படிக்க வராது.” சூடாமணி மேஜையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். “அதெல்லாம்கூடப் போகட்டும் சார். அந்தக் குட்டி உசிரோட இருந்தாப் போறும். பகவதி, எங்கடீ போய்த் தொலைஞ்சே?”

ஏட்டு பேனாவை மூடி வைத்தார். ஒரு டம்ளர் தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

உள்ளறையில் ஏணி கிறீச்சிட்டது. தொப்பென்று யாரோ குதிக்கும் சத்தம் கேட்டது. டக்கென்று மெயின் சுவிட்சைப் போட்டார்கள். ஃபேன் முனகிக்கொண்டே சுற்ற ஆரம்பிக்க, பறக்கப் போன புகாரை ஏட்டு கையால் அமுக்கிப் பிடித்தார்.

ஒட்டடை அப்பிய முகம் ஒன்று கதவருகே எட்டிப் பார்த்தது.

“காலு தரையில பட்டாச்சு டீச்சரே. ஸ்கூட்டர்ல கொண்டு விட்டது கடைக்காரருதான். ‘ஒண்ணும் அறியாத பெண்ணு’ன்னு எழுதினத மட்டும் வெட்டச் சொல்லுங்க.”