ஊதாத விசில்

ரெண்டு கையையும் விரித்துக்கொண்டு கோச்சைக் கட்டிப்பிடிக்க ஓடி வந்தாள் ஒன்பதாம் நம்பர். அவர் ரெண்டடி பின்னால் நகர்ந்து உள்ளங்கையை நீட்டினார்.

"கோச்சுக்கு என்ன?"

அவள் முகம் சுண்டிப்போனது. "கை மட்டும்" என்று முணுமுணுத்து, அவர் கையில் ஒரு தட்டு தட்டிவிட்டு வரிசைக்குத் திரும்பினாள்.

பையனைப் புதிதாகச் சேர்த்துவிட்டு வேலியோர பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நெஞ்சில் ஈரமே இல்லாத மனுஷன்.

அந்தப் பெண்ணுக்குப் பதினொரு வயது இருக்கும். வயசுக்கேற்ற விவரம் கிடையாது. யாரைப் பார்த்தாலும் சிரிப்பாள், யாரோடும் ஒட்டிக்கொள்வாள். அந்த மாதிரிப் பிள்ளைகளுக்காகத்தான் சனிக்கிழமை காலையில் அங்கே ஃபுட்பால் நடக்கிறது. சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் உண்டு, பேசாதவர்கள் உண்டு, சத்தம் தாங்காதவர்களும் உண்டு.

புது அம்மாவின் பையன் சத்தம் தாங்காத ரகம். தட்டு கீழே விழுந்தால்கூடக் காதைப் பொத்திக்கொண்டு தரையில் படுத்துவிடுவான். நாலு இடத்தில் சேர்த்துப் பார்த்தாள். நாலு பேரும் நயமாகப் பேசியே திருப்பி அனுப்பினார்கள். இங்கே வந்த மூணாவது வாரம் பந்தை உதைத்துவிட்டுச் சிரித்தான்.

அதனால் அவனை நிறுத்தவும் மனசு வரவில்லை. இந்தக் கல்லுளிமங்கனை நம்பி விடவும் மனசு வரவில்லை.

மூணு வாரமாக அவளும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். ஒரு பிள்ளைக்கு மூக்குச் சிந்த வேண்டுமென்றாலும் பக்கத்தில் இன்னொரு ஆள் வந்து நிற்க வேண்டும் அவருக்கு. பாத்ரூமுக்கு ஒரு பிள்ளை போனால் துணைக்கு ரெண்டு பேர். சாமான் அறைக் கதவு சாத்திவிடாமல் இருக்க அதற்கு ஒரு பந்தை முட்டுக் கொடுத்து வைப்பார்.

கழுத்தில் ஒரு விசில் வேறு. ஒரு நாள்கூட அதை ஊதி யாரும் பார்த்ததில்லை. பச்சைத் துணியைத் தூக்கினால் ஆட்டம், சிவப்பைத் தூக்கினால் நிறுத்தம். அப்புறம் அந்த விசில் எதற்காம்? சும்மா பந்தா என்று முடிவு கட்டிவிட்டாள்.

ஒன்பதாம் நம்பரைப் பெற்றவர்கள் மேலும் அவளுக்குக் கோபம். எல்லோருக்கும் முன்னால் அந்தப் பெண் வந்து ஆரஞ்சுக் கூம்புகளை அடுக்கிக்கொண்டிருக்கும். எல்லோரும் போன பிறகும் அங்கேயே நிற்கும். இறக்கிவிட்டால் தொல்லை விட்டது என்று இருக்கிறார்கள் போல.

பக்கத்து பெஞ்சு அம்மாவிடம் இதையெல்லாம் கொட்டினாள். அவள், "அது வந்துங்க..." என்று ஆரம்பித்தாள்.

"நீங்கல்லாம் ஒண்ணும் கேக்காம இருக்கிறதாலதாங்க இப்படி நடக்குது."

நமக்கேன் வம்பு என்று அந்த அம்மா மகளுக்கு ஷூ லேஸ் கட்டப் போய்விட்டாள்.

அன்றைக்குக் கடைசி ஆட்டத்தில் ஒன்பதாம் நம்பர் கோல் போட்டாள். அவள் போட்ட முதல் கோல். ஒரு நிமிஷம் அவளுக்கே நம்பிக்கை இல்லை. அப்புறம் மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு அழுகையும் சிரிப்புமாக ஓடி வந்தாள்.

கோச் உள்ளங்கையை நீட்டினார்.

பாவம், உதடு துடிக்க அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றது பிள்ளை. பிறகு தட்டியது.

இனிமேல் பொறுப்பதில்லை என்று புது அம்மா காத்திருந்தாள். ஒவ்வொருவராக ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுப் பிள்ளைகளை அழைத்துப் போனார்கள். பையன் கையைப் பிடித்துக்கொண்டு அவரிடம் போனாள். ஒன்பதாம் நம்பர் அந்தப் பக்கம் கூம்பு பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

மனசில் இருந்ததையெல்லாம் சொன்னாள். அன்பாக வரும் குழந்தையை இப்படி விரட்டலாமா, அது ஏங்கிப்போகாதா என்று கேட்டாள். அவர் பந்துகளை வலைப்பையில் போட்டபடியே கேட்டுக்கொண்டார்.

"அடுத்த வருஷம் இவங்க பெரிய டீமுக்குப் போயிடுவாங்க. அங்க வேற கோச். அதுக்கப்புறம் இன்னொருத்தர். யாரு நல்லவங்க, யாரு கெட்டவங்கன்னு பிரிச்சுப் பார்க்க அந்தப் பொண்ணுக்குத் தெரியாதுங்க. கோச்னா கை மட்டும்தான்னு ஒண்ணைக் கத்துக்க முடியும். என்கிட்ட கத்துக்கிட்டாத்தான் போற எடத்துலயும் அது கூட வரும்."

சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. அதனாலேயே அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது.

"பேச்சு நல்லாத்தான் இருக்கு. முதல் கோல் போட்டது உங்க சொந்தப் பிள்ளையா இருந்தா இப்படித் தள்ளி நிறுத்துவீங்களா? பெத்திருந்தாத் தெரியும்."

அவர் ரெஜிஸ்டரைத் திறந்தார். கடைசி வரி ஒன்று காலியாக இருந்தது. அதில் கையெழுத்துப் போட்டு மூடினார். கழுத்திலிருந்த விசிலைக் கழற்றிப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார்.

கூம்புகளைக் கட்டிப்பிடித்தபடி ஒன்பதாம் நம்பர் அந்த ஜிப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"விசில் உள்ள போயிடுச்சா, கோச்?"

"போயிடுச்சு."

கூம்புகள் எல்லாம் கீழே விழுந்தன. ஓடி வந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு, வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"அப்பா, நான் கோல் போட்டேம்ப்பா."