முல்லைக்கு வயிறு சரியில்லை

சேசுராஜுக்கு ஆனி மாதத்திலிருந்தே வயிற்றுவலி. பெரிய ஆஸ்பத்திரியில் கார்த்திகைக்குத்தான் தேதி கொடுத்தார்கள். அவர் வீட்டுப் பூனை முல்லைக்கு அந்தத் தொல்லை இல்லை. அது மலம் கழிக்கும், கருவி பொருத்திய தட்டே தினமும் காலையில் சோதித்து, செரிமானம் எப்படி, இன்றைக்கு என்ன தீனி என்று சொல்லிவிடும்.

ஒரு நாள் வலி பொறுக்காமல், மனைவி புஷ்பம் குளிக்கப் போன நேரம் பார்த்து, சேசுராஜ் தன்னுடையதில் கொஞ்சம் கொண்டுவந்து அந்தத் தட்டில் வைத்தார்.

"முல்லைக்கு வயிற்றில் புண்! இரத்தக் கசிவு!" என்று தட்டு அலறியது. தட்டே தகவலும் அனுப்பிவிட, பத்தே நிமிடத்தில் பூனை ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நின்றது.

அதில் வந்த கால்நடை டாக்டர் பெனிட்டா முல்லையின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். பிறகு சேசுராஜின் வெளுத்த முகத்தைப் பார்த்தார்.

"இது யாரோடது சார்?"

"என்னோடதுதான் டாக்டரம்மா," என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"மனுஷங்களுக்கு நான் வைத்தியம் பார்க்கக் கூடாது. ஆனா இப்படியே விட்டா நீங்க கார்த்திகையைப் பார்க்க மாட்டீங்க. வண்டியில ஏறுங்க. யார் கேட்டாலும் பேரு முல்லைன்னு சொல்லுங்க."

எட்டு நாள் பூனை ஆஸ்பத்திரியில் இருந்தார். வேளை தவறாமல் கஞ்சி வந்தது. நர்சுகள் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். புண் ஆறியது.

வீடு திரும்பியதும் புஷ்பம் டிஸ்சார்ஜ் சீட்டை வாய்விட்டு வாசித்தாள்: "ஒரு மாதத்துக்கு வெளியே அலைய விடக் கூடாது."

"முப்பது வருஷமா நான் சொல்றதை இப்பத்தான் ஒரு டாக்டர் எழுதிக் குடுத்திருக்காங்க," என்றவள், தெருக்கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.