இரண்டு மிதி

மருத்துவமனை வாசலில் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. தையல்காரரின் மனைவியின் உடலை ஏற்றிக்கொண்ட வேன் உறுமிக்கொண்டு நிற்கிறது. அவர் மட்டும் அதில் ஏறாமல் தன் சைக்கிளின் பூட்டைத் திறக்கிறார். “மாமா, வேன்ல வாங்க. சைக்கிளை நாளைக்கு எடுத்துக்கலாம்,” என்று மைத்துனன் அவர் கையைப் பிடிக்கிறான். “காலையில இதுல உட்கார வச்சுதான்டா உங்கக்காவைத் தள்ளிட்டு வந்தேன். நீ அவகூட போ. நான் பின்னாடியே வர்றேன்.” கேரியரில் அவர் வெட்டுத்துணி திணித்துத் தைத்த மெத்தையில், அவள் உட்கார்ந்து பதிந்த பள்ளம் அப்படியே இருக்கிறது. கார் வாங்கச் சொன்னவர்களிடமெல்லாம், “கார்ல போனா பிடிச்சுக்க இவர் முதுகு எங்க கிடைக்கும்?” என்று சிரித்தவள். வேன் நகர்கிறது. அவரும் ஏறி, வழக்கம்போல இரண்டு மிதி மிதித்துவிட்டு ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார். எப்போதும் அவள் நாலெட்டு ஓடிவந்து தொற்றி ஏறுவாள், கேரியர் அமுங்கும், “ம், போலாம்” என்பாள், அதற்கப்புறம்தான் அழுத்தி மிதிப்பார். சக்கரங்கள் மெல்ல உருள்கின்றன. வேன் திருப்பத்தில் மறைகிறது. பின்னால் வரும் பேருந்து ஹாரன் அடிக்கிறது. மிதிக்க அவருக்குக் கால் எழவில்லை. கேரியர் இன்னும் அமுங்கவில்லை.