வந்த வேலை

செண்பகவல்லி இந்தப் பூமிக்கு வந்த வேலை முடிந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் இருந்த பயன்மானி என்ற கருவி சொன்னது. முடிந்து பதினோரு வருஷமாம். என்ன வேலை என்று அது யாருக்குமே சொல்வதில்லை.

அவள் வீடு திரும்புமுன் சேதி தெருவுக்கு வந்துவிட்டது. ரிட்டயர் ஆனவர்களுக்குச் செய்வதுபோல மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, சரவெடி வெடித்தார்கள். "குடுத்துவச்சவ நீ! எங்க வீட்டு மனுசனுக்கு அறுவது வயசாவுது, இன்னும் ஆரம்பிக்கவே இல்லங்குது" என்றாள் எதிர்வீட்டு இசக்கியம்மாள்.

அந்த வருஷம் அப்படி என்னதான் செய்தோம் என்று செண்பகவல்லி மண்டையைக் குடைந்துகொண்டாள். தீப்பெட்டி ஆபீசுக்குப் போனாள், வந்தாள். ஒருநாள் பஸ்ஸில் மயங்கி விழுந்த யாருக்கோ தண்ணீர் கொடுத்தாள். அதுவா?

மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள் நிறைமதி பொன்னாடையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, அப்ப நான் பொறக்கவே இல்லியே. நான் எதுக்கு?"

"நீ எதுக்கும் இல்லட்டி. சும்மாதான்."

வாயைவிட்டு வந்தபிறகுதான் பிள்ளை அழுதுவிடுமோ என்று பயந்தாள். நிறைமதி பொன்னாடையின் நுனியை விடாமல் கேட்டாள்.

"லீவு மாதிரியாம்மா?"

செண்பகவல்லி தன் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி மகளுக்குப் போட்டாள்.