முப்பத்தோரு சாமியும் ஒரு சுவரும்

வெள்ளையடிக்கிற சின்னான் சுவரில் ஏணியைச் சாத்தியிருப்பதைப் பார்த்ததுமே லாரி டிரைவர் சென்னிமலை வாசலிலேயே நின்றுவிட்டார்.

கைக்கு வந்த பம்பாய் லோடு கடைசி நேரத்தில் தட்டிப் போனதால், மூன்று வாரம் கழித்து வரவேண்டியவர் மறுநாள் காலையே லாரியைச் சங்ககிரிக்குத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். வந்து பார்த்தால் வாசலில் பானை நிறையச் சுண்ணாம்பு.

நாளை மறுநாள் பூச்சாட்டு, மாரியம்மன் நோம்பி தொடங்குகிற நாள். அதற்குள் வெள்ளையடித்தாக வேண்டும். எல்லாப் பங்குனியிலும் நடப்பதுதான். ஆனால் இத்தனை வருஷமும் சின்னான் சாமி படங்களைத் தொடமாட்டான். அவற்றைச் சுற்றித்தான் சுண்ணாம்பு மட்டையை ஓட்டுவான்.

இந்த வருஷம் சென்னிமலையின் சம்சாரம் வசந்தாமணி, சூரமங்கலத்தில் தம்பியின் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் போய்விட்டு வந்திருந்தாள். அங்கே பக்கத்து வீட்டில் ஒரு வடக்கத்தி ஆபீசர். அந்த வீட்டில் ஒரு பாய், ஒரு மண்கூஜா, நாலு வெறும் சுவர். அவ்வளவுதானாம். உள்ளே காலை வைத்ததும் மேட்டூர் அணையைத் திறந்துவிட்ட மாதிரி காற்று வந்து ஆளையே தள்ளியதாம்.

அன்றிலிருந்து தூக்கத்திலும் வெறும் சுவர், வெறும் சுவர் என்றே பிதற்றல்.

"ஒரு சாமியும் செவுத்துல இருக்கப்படாது சின்னான். எல்லாரும் கீழ எறங்கட்டும்."

"சாமியக் கீழ எறக்குனா ஊட்டுக்கு ஆகுமா அம்மிணி? நோம்பி முடியட்டும்" என்றார் சென்னிமலை.

"உங்களை ஆருங்க இன்னைக்கே வரச் சொன்னது? ராத்திரியெல்லாம் வண்டி ஓட்டுனவரு, போயிப் படுங்க."

அக்கறைதான். ஆனால் அவரால் எப்படிப் படுக்க முடியும்?

அந்தச் சுவர் மாமனார் கட்டியது. சுண்ணாம்போடு கடுக்காயும் கருப்பட்டியும் ஆயிரம் கோழிமுட்டையும் சேர்த்து இழைத்தது. அந்த வருஷம் தாலுக்கா முழுக்க ஒரு கோழிகூடக் குஞ்சு பொரிக்கவில்லை என்று மாமனார் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். கட்டிய புதிதில் அந்தச் சுவரில் முகம் பார்த்து மீசை முறுக்கலாமாம்.

வீட்டை ஒப்படைத்தபோது மனிதர் ஒரே ஒரு சட்டம் போட்டார். சாமி படத்துக்குத் தவிர வேறு எதற்கும் அந்தச் சுவரில் ஆணி இறங்கக் கூடாது.

அவர் போய்ச் சேர்ந்து பத்து வருஷமாகியும் அந்தச் சட்டத்தை வசந்தாமணி கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு காத்துவந்தாள். சென்னிமலையின் சட்டைக்குக் கொடிக்கயிறுதான் கதி.

சென்னிமலை கண்ணைக் கட்டிக்கொண்டு லாரி எஞ்சினைப் பிரித்து மாட்டுவார். ஆணி மட்டும் அவருக்கு வசப்படவில்லை. கலியாணமான புதிதில், அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்த ஒருநாள், சட்டை மாட்டலாமென்று வீல் ஸ்பேனரால் ஓர் ஆணியைத் தட்டினார். உள்ளங்கை அகலத்துக்குக் காரை பெயர்ந்து காலடியில் விழுந்தது. கைக்கு அகப்பட்டது டயர் கடையில் கொடுத்த முருகன் காலண்டர். மறைத்தார்.

முருகனுக்காக அடித்த ஆணியிலும் காரை பெயர்ந்தது. அதை மறைக்கப் பிள்ளையார். பிள்ளையாரால் வந்த ஓட்டைக்குப் பெருமாள்.

இருபது வருஷத்தில் பதினோரு ஓட்டை. பதினோரு சாமி.

முப்பத்தொன்றில் மீதி இருபதும் வசந்தாமணி மாட்டியவை. ஒவ்வொரு லோடு முடிந்து அவர் வீடு திரும்பும்போதும் சுவரில் புதிதாக ஒரு சாமி சிரிக்கும். புருஷன் நல்லபடியாகத் திரும்ப வேண்டுமென்று வேண்டிக்கொண்டு மாட்டியிருக்கிறாள்! அவர் கன்னத்தில் போட்டுக்கொள்வார். இங்கிருந்து கல்கத்தா வரைக்கும் இந்தக் கதையைக் கேட்காத டீக்கடை ஒன்றுகூடக் கிடையாது.

சின்னான் முருகனைக் கழற்றினான்.

உள்ளங்கை அகல ஓட்டை. அதைச் சுற்றி ஸ்பேனரில் இருந்த கிரீஸ், இருபது வருஷமாகியும் கருகருவென்று.

சென்னிமலை கண்ணை இறுக மூடிக்கொண்டார். மாமனாரே எழுந்து வந்தாலும் தாங்கிக்கொள்ளலாம், அவருடைய மகளைத் தாங்க முடியாது.

இடி விழவில்லை.

ஒரு கண்ணை மட்டும் திறந்தார். வசந்தாமணி முருகன் பக்கமே பார்க்கவில்லை. சின்னானின் கை அடுத்துப் போகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சின்னான், அது கெடக்கட்டும். அது ராசியான படம்."

அதற்குள் லட்சுமி இறங்கிவிட்டாள்.

பின்னால் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஓட்டை. இது அவருடைய கைவேலை இல்லை. பக்கத்தில் போய்ப் பார்த்தார். ஓட்டையைச் சுற்றிலும் மஞ்சள் கறை. காய்ந்துபோன மிளகாய் விதை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

அம்மிக் குழவியால் அடித்த ஆணி. அவர் பம்பாய் போய் வருவதற்குள் சத்தமில்லாமல் பூசி மறைக்கப் பார்த்திருக்கிறாள்.

சின்னான் எடுத்த வேலையை நிறுத்துகிற ஆளில்லை. கொஞ்ச நேரத்தில் முப்பத்தோரு சாமிகளும் வாசலில் கயிற்றுக் கட்டிலில் மல்லாந்து காற்று வாங்கினார்கள்.

சுவரில் கறுப்புக் கறை பதினொன்று. மஞ்சள் கறை இருபது.

"ஏனுங்க, இதுக்கு வெள்ளையடிக்கறதுங்களா, புதுசா செவுரே கட்டறதுங்களா?" என்றான் சின்னான்.

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் உத்தரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சென்னிமலைக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பி மேலே ஏறி வந்தது. ஆனாலும் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"கல்கத்தா லோடு போனப்ப மாட்டுனயே இந்த லட்சுமி... அது எனக்காவ வேண்டிக்கிட்டதுதான அம்மிணி?"

வசந்தாமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மொறம் மாட்டறதுக்குங்க."