கூரைமேல் ஒரு முதலாளி

வெள்ளைக் காரிலிருந்து இறங்கியவருக்குக் கழுத்தில் டை, தலையில் ஹெல்மெட், கையில் கேமரா. இறங்கிய வேகத்தில் அண்ணாந்து கூரையைப் படமெடுக்க ஆரம்பித்தார்.

கூரைமேல் ஆணி அடித்துக்கொண்டிருந்த முதலாளி குவால்தெர் அதைப் பார்த்துவிட்டார். சுத்தியலைப் போட்டுவிட்டு, தார் பூசிய அட்டை ஓடுகளின்மேல் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டார்.

"டேய் பெலார்மினோ! இன்ஷூரன்ஸ் வாரியத்துக்காரன் வந்துட்டான்டா!" என்று கீழே வண்டியருகே நின்ற தன் வேலையாளைப் பார்த்துப் போர்த்துகீசியத்தில் சீறினார்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் கட்டட வேலைத் தொழில் நடத்துகிற முதலாளி, ஆட்களுக்கு மட்டுமல்ல, தனக்கும் விபத்துக் காப்பீடு கட்டியாக வேண்டும். வேலையில் கையே வைக்காத முதலாளி என்றால்தான் விலக்கு. குவால்தெர், தான் ஆபீஸ் நாற்காலியை விட்டே எழுந்திருப்பதில்லை என்று எழுதிக் கொடுத்து அந்த விலக்கை வாங்கியிருந்தார். ஹாமில்டன் ஊரில் அவர் ஏறாத கூரை கிடையாது. இடுப்பில் கயிறுகூடக் கட்டமாட்டார்.

"விழுறவன் கட்டட்டும்டா இன்ஷூரன்ஸ். நான் போர்த்துகல் அசோரஸ் தீவுக்காரன். பாறை மேல ஆடு மேய்ச்ச கால் இது, வழுக்காது" என்பார். போன குளிர்காலத்தில் பனிக்கட்டியில் சறுக்கிக் காலை உடைத்துக்கொண்ட பெலார்மினோவுக்கு, குணமாகும்வரை வாரியம் பணம் கொடுத்தது. அன்றிலிருந்து அவனுக்கு 'சோபா மகாராஜா' என்று பட்டப்பெயர். கேட்பவர்கள் சிரிக்கிறார்களோ இல்லையோ, குவால்தெர் சிரிப்பார்.

"நீங்க விழுந்தா லூர்தெஸ் அக்கா என்ன பண்ணுவாங்க முதலாளி?" என்று அவன் ஒருமுறை கேட்டான்.

"என் பொண்டாட்டியைப் பத்தி நீ கவலைப்படாதே. நீ போய் சோபாவைத் தொடைச்சு வை."

டை கட்டியவர் வேலியருகே வந்து நின்றார். "நான் தார்ன்லி. இங்கே முதலாளி யாரு?"

குவால்தெர் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டார். "அதோ, வண்டிகிட்ட நிக்கிறாரே, அவர்தான் சார்! நான் கூலி ஆளு!" என்று ஆங்கிலத்தில் கத்தினார். அதே மூச்சில் போர்த்துகீசியத்துக்குத் தாவி, "ஆமான்னு தலையாட்டுடா கழுதை!" என்றார்.

ஓடு வெட்டிக்கொண்டிருந்த பெலார்மினோ கத்தியை மடக்கிப் பையில் போட்டான். மெதுவாகத் தலையாட்டினான்.

"அவர்கிட்ட எத்தனை வருஷமா வேலை பாக்குறீங்க?" என்று தார்ன்லி மேலே பார்த்துக் கேட்டார்.

"பதினஞ்சு வருஷம் சார்! தங்கமான மனுஷன். சொன்ன தேதியில வேலையை முடிப்பார். ஆளுங்களைக் கண்ணு மாதிரி பாத்துப்பார்." தன்னைப் பற்றித்தானே சொல்கிறோம் என்ற உற்சாகத்தில், குவால்தெர் கொஞ்சம் அள்ளியே விட்டார்.

தார்ன்லி பெலார்மினோவின் பக்கம் திரும்பினார். "புகைபோக்கியைச் சுத்தித் தகரத்தை மடிச்சிருக்கே, அது யார் செஞ்சது?"

"நான்தான்."

குவால்தெர் மனசுக்குள் தலையில் அடித்துக்கொண்டார். முதலாளி வேலை செய்வதாக வாரியத்துக்காரனிடமே ஒப்புக்கொள்கிறானே, முட்டாள்! ஆனால் தார்ன்லி முகம் கோணவில்லை. புகைபோக்கியையே இன்னும் இரண்டு படம் எடுத்தார்.

பிறகு இருவரும் வண்டிக்குப் பின்னால் போய்ப் பேசினார்கள். பக்கத்து வீட்டு இலை ஊதும் இயந்திரத்தின் இரைச்சலில் மேலே ஒன்றும் கேட்கவில்லை. குவால்தெர் ஓட்டின் குளிர் வயிற்றில் ஏற, மூட்டு வலிக்கக் குப்புறக் கிடந்தார். 'எவனோ கதகதப்பா ஆபீஸ்ல உக்காந்து சட்டம் போடுவான், நான் இங்கே கிடந்து சாகணும். கோழைப் பயலுக போட்ட சட்டம்' என்று பல்லைக் கடித்தார்.

ஒருவழியாக இருவரும் கைகுலுக்கினார்கள். வெள்ளைக் கார் தெருமுனை திரும்பியதும் குவால்தெர் இறங்கி ஓடிவந்தார்.

"என்னடா, அபராதமா? எழுதிட்டுப் போயிட்டானா?"

"அவர் வாரியத்து ஆளே இல்லை. ஏரிக்கரையில வரிசையா வீடு கட்டுற பில்டர். இந்த வழியாப் போறப்ப அந்தப் புகைபோக்கி கண்ணுல பட்டுச்சாம். அத்தனை வீட்டுக் கூரையும் நமக்கே தர்றேன்னுட்டார். ரெண்டு வருஷத்துக்கு வேற வேலை தேட வேண்டாம்."

குவால்தெர் அவனைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். "போன் போடுடா உடனே! முதலாளி நான்தான்னு சொல்லு!"

"எப்படிச் சொல்றது? நான் கூலி ஆளுன்னு நீங்கதானே தெருவே கேக்குற மாதிரி கத்துனீங்க?"

"சும்மா தமாஷுக்குன்னு சொல்லிடு!"

"எதுக்குத் தமாஷ்னு கேப்பாரு. இன்ஷூரன்ஸ் கட்டாம ஏய்க்கிற கதையைச் சொல்லவா? அதைக் கேட்டா வேலையையும் தரமாட்டாரு, வாரியத்துக்கும் ஒரு போன் போடுவாரு."



பெலார்மினோ இடுப்பிலிருந்த ஆணிப் பையை அவிழ்த்து குவால்தெர் கையில் கொடுத்தான். காபி ஃப்ளாஸ்க்கை எடுத்துக்கொண்டு தன் காரில் ஏறி, கண்ணாடியை இறக்கினான்.

"திங்கக்கிழமை காலையிலயே ஏரிக்கரைக்கு வந்துடு குவால்தெர். பயப்படாதே, உனக்கும் சேர்த்து நானே இன்ஷூரன்ஸ் கட்டிடுறேன்."